பேச்சு டீச்சர் வாயை மூடிய வாரம்

அவளுடைய அறைக் கதவில் 'பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சை' என்று ஒரு பலகை மாட்டியிருந்தது. அதை யாரும் முழுதாகப் படித்ததில்லை. படித்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிடும்.

"வாங்க, வாங்க, உள்ள வாங்க. பேச்சா, விழுங்குறதா? பேச்சுதான், அண்ணன் முகத்தைப் பார்த்தாலே தெரியுதே. ஃபேன் போடவா? வேணாமா? போட்டுடறேன்" என்று கேள்வியையும் பதிலையும் அவளே சொல்லி முடித்திருப்பாள். வந்தவர் பக்கவாதத்தில் பேச்சிழந்தவராக இருந்தாலும் சரி, அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்த மச்சானாக இருந்தாலும் சரி, அந்த அறைக்குள் இருவருக்கும் ஒரே நிலைமைதான்.

வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோரும் அவளைப் பேச்சு டீச்சர் என்றுதான் அழைத்தார்கள். பட்ட மேற்படிப்பு வரை படித்தவளை டீச்சர் என்பதா என்று முதல் இரண்டு வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு சம்பளப் பட்டியலைத் தவிர எல்லா இடத்திலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். டிராக்டர் ஓட்டும் அண்ணனுக்கு அந்தப் பெருமையில் தலைகால் புரியாது. ஆனால் தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்பது மட்டும் பதினாறு வருஷமாகப் பிடிபடவில்லை.

"மனுஷனுக்குப் பேசவும் தண்ணி குடிக்கவும் சொல்லிக் குடுக்கறதுக்கு ஆறு வருஷப் படிப்பாம்மா? நம்ம வீட்டுல ரெண்டும் சும்மாவே நடந்துச்சே!"

"அண்ணே, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத் தொண்டை மறந்துபோயிடும். ஒரு ஸ்பூன் தண்ணி வயித்துக்குப் போறதுக்குப் பதிலா நுரையீரலுக்குப் போனா ஆளு காலி. அதனால தண்ணியைக் கூழு மாதிரி கெட்டியாக்கி..."

"தண்ணியைக் கெட்டியாக்குவீங்களா? சரிதான்." அண்ணன் ஊரில் போய்ச் சொல்வது வேறு மாதிரி இருக்கும். "என் தங்கச்சி பேசியே சம்பாதிக்கிறா. நாங்கல்லாம் பேசியே கெட்டோம்."

வேலையில் அவள் கெட்டிக்காரி, அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. இருமல் சத்தத்தைக் கேட்டே யாருக்கு எந்தப் பக்கம் தொண்டை இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மூக்கில் குழாயோடு வந்த எத்தனையோ பேரைக் கிண்ணமும் ஸ்பூனுமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குக் கைவரவில்லை. காத்திருப்பது.

அவள் படித்த படிப்பின் முதல் பாடமே அதுதான். மூளையில் அடிபட்டவருக்குச் சொற்கள் அழிந்து போவதில்லை. உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஆகவே ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு சும்மா இரு என்பது விதி. அவளும் எண்ணுவாள். ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றில் வாய் திறந்துவிடும். அவளாகத் திறப்பதில்லை, அதுவாகத் திறந்துகொள்ளும்.

இந்த நிலைமையில்தான் கண்டக்டர் வந்து சேர்ந்தார்.

பதினேழாம் நம்பர் பேருந்தில் இருபத்தாறு வருஷம் விசில் ஊதியவர். வயது ஐம்பத்து நான்கு. ஆள் நல்ல உயரம், தோளும் அதற்கேற்ற அகலம். ஒருநாள் காலை டிப்போவில் பையைத் தோளில் மாட்டும்போது வலது கை இழுத்துக்கொண்டது, வாயும் கூடவே நின்றுவிட்டது. மறுவாழ்வு வார்டில் நான்கு வாரம் ஓடியிருந்தது. கால் தேறிவிட்டது. கை பாதி தேறிவிட்டது. சொன்னதெல்லாம் புரிகிறது, நகைச்சுவைக்குச் சரியான இடத்தில் சிரிக்கிறார். ஆனால் ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் உதடு மட்டும் முணுமுணுக்கும், அப்புறம் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார். அவ்வளவுதான்.

பக்கத்திலேயே அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பார்.

"அவரு சாவின்னு சொல்ல வர்றாரு மேடம்."

"அக்கா, நீங்க சொல்லாதீங்க, அவரே சொல்லட்டும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று பேச்சு டீச்சர் கண்டிப்பாள். அடுத்த மூச்சிலேயே, "சாவி. சொல்லுங்கண்ணே. சா... வி. சாவி!" என்பாள்.

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். சில்லறை இல்லாமல் ஏறிய இரண்டு பயணிகளைப் பார்ப்பது போல இருக்கும் அந்தப் பார்வை.

வியாழக்கிழமைதோறும் மறுவாழ்வுக் குழு கூடும். பெரிய டாக்டர், பிசியோ தம்பி, தலைமை நர்ஸ், பேச்சு டீச்சர் நான்கு பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு படுக்கையாகப் பேசுவார்கள். அந்த வாரம் பிசியோ தம்பி தன் பங்கைப் பெருமையாகச் சொன்னான். "நடக்கிறாரு சார். மாடிப்படி ஏறுறாரு. நேத்து ஓடற மாதிரி வந்து என்னைப் பிடிச்சாரு. நான் பயந்துட்டேன்."

"பேச்சு?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். நான்கு நிமிஷம் ஆயிற்று. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சுருக்கமா. எத்தனை சொல்லு வந்திருக்கு?"

"சொல்லுன்னு பார்த்தா... இன்னும் இல்ல சார். ஆனா உள்ள இருக்கு, எனக்கு நல்லாத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். பேப்பர்ல பூஜ்யம்தானே இருக்கு? வெளியில பத்தொன்பது பேர் இந்தப் படுக்கைக்குக் காத்திருக்காங்க. ஒரு கொத்தனாரு, இருபத்தெட்டு வயசு, இன்னும் உட்காரவே முடியல. நான் என்ன பண்ணட்டும்?" அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "அடுத்த வியாழக்கிழமை அவரையே இங்க கூட்டிட்டு வாங்க. அவர் பேசி நான் கேக்கணும். உங்க குரலைத்தான் பதினாறு வருஷமா கேட்டுட்டு இருக்கேனே! ஒரு வார்த்தை, அவரா நினைச்சு, பொருத்தமா சொல்லட்டும், ரெண்டு வாரம் தர்றேன். இல்லேன்னா சனிக்கிழமை டிஸ்சார்ஜ்."

டிஸ்சார்ஜ் என்றால் கண்டக்டரின் பேச்சுக்கு அத்தோடு முற்றுப்புள்ளி. அவர் வீடு டவுனைத் தாண்டி, செங்கல் சூளைக்குப் பக்கத்தில். பேருந்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். அந்தப் பக்கம் பேச்சு சிகிச்சை என்றால் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து வெளிநோயாளியாக யாரும் திரும்பி வந்ததில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி அவருக்காகப் பேசுவார், மகன்கள் பேசுவார்கள், மருமகள் பேசுவாள். இருபத்தாறு வருஷம் ஒரு பேருந்தையே குரலால் ஓட்டிய மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. பயிற்சியைச் செல்போனில் பதிவு செய்தால், அவர் முணுமுணுப்பதில் ஏதாவது தேறுகிறதா என்று நிதானமாகக் கேட்கலாம். கண்டக்டர் தலையசைத்துச் சம்மதித்தார். மனைவி சம்மதித்ததோடு தன் முடியையும் சரிசெய்துகொண்டார். குரல் மட்டும்தான் பதிவாகும் என்று சொன்ன பிறகும் கொண்டையை அவிழ்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டே அதைப் போட்டுக் கேட்டாள். பத்தாவது படிக்கும் மகள் எதிரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்துப் பேனாவை வைத்துவிட்டாள்.

"அம்மா, இது யாருக்கு ட்ரீட்மென்ட்?"

"கேட்டா தெரியல? ஒரு கண்டக்டர் மாமா. பேச்சு வரல, பாவம்."

"அவருக்கு எப்படி வரும்? நீ வழி விட்டாத்தானே?" மகள் தன் கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்சைத் தட்டினாள். "முதல்லேருந்து போடு."

இருபது நிமிஷப் பதிவு. முடிந்ததும் மகள் தீர்ப்பு வாசித்தாள்.

"பதினேழு நிமிஷம் நாப்பது செகண்ட் நீ. ஒன்றரை நிமிஷம் அந்த அத்தை. மிச்சம் ஃபேன்."

"போடி, நீ தப்பா அமுக்கியிருப்ப."

"அப்பாவைக் கேளு."

அப்பா ஜன்னலோரம் செய்தித்தாளில் இருந்தார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். நாளெல்லாம் கோடு போடுகிறவர் பேச்சிலும் கோடு தாண்ட மாட்டார்.

"ஏங்க, நான் என்ன யாரையும் பேசவே விடறதில்லையா? அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லுங்க இவகிட்ட."

"பார்த்தியா?" என்றாள் மகள்.

பேச்சு டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு கணவனையே பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்றில் வாய் திறக்கப் பார்த்தது, கையால் பொத்திக்கொண்டாள். ஐந்து. ஆறு. செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார் கணவர்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஏழு. எட்டு. கணவர் மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள். இந்த வீட்டில் இவ்வளவு பெரிய இடைவெளி கிடைத்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், தொண்டையைச் செருமினார். பத்து தாண்டி, பதினாலு இருக்கும்.

"எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது" என்றார்.

"என்னது?"

"கல்யாணமான புதுசுல, கத்தரிக்காய் பிடிக்குமான்னு கேட்ட. நான் யோசிக்கறதுக்குள்ள, பிடிக்கும், உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதுன்னு நீயே சொல்லிட்ட."

"பதினெட்டு வருஷமாச்சுங்க! வாரத்துக்கு ரெண்டு தடவை செய்யறேனே!"

"நல்லாத்தான் செய்யற" என்றார் கணவர் நியாயமாக. "ஆனா பிடிக்காது."

மகள் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் பேச்சு டீச்சர் செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மறுபடி போட்டாள். இந்த முறை தன் குரல் வரும் இடத்தையெல்லாம் அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் ஓடுவதைக் கேட்டாள். டம்ளர் தண்ணீர் படம் காட்டிய இடம். கண்டக்டர் அடிக்குரலில் ஏதோ சொல்கிறார். டி... பால்... கேட்... அங்கே பாய்ந்து வருகிறது இவள் குரல்: "தண்ணி! தண்ணிண்ணே!" முணுமுணுப்பு அறுந்துபோகிறது. நெற்றியில் பட்டென்று ஒரு சத்தம்.

அடுத்த படம் ஸ்லேட்டும் பையும் வைத்த சிறுமி. மறுபடியும் டி... பால்... கேட்... மறுபடியும் இவள் பாய்ச்சல். மறுபடியும் பட்.

எந்தப் படம் காட்டினாலும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். கண்டக்டர் மனைவிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அண்ணன் பஸ்ஸு எந்தெந்த ஸ்டாப்ல நிக்கும்?"

"எதுக்கு மேடம், எங்கயாவது போகணுமா?"

"சும்மா சொல்லுங்க."

"டிப்போ, பால் பண்ணை, ரயில்வே கேட், மில், வாட்டர் டேங்க், ஸ்கூல், கோர்ட், மார்க்கெட், ஃபயர் ஸ்டேஷன், உங்க ஆஸ்பத்திரி, பாலம், மரக்கடை, காலேஜ், பெட்ரோல் பங்க், ஊரைத் தாண்டி ரொம்ப தூரம் போனா எங்க செங்கல் சூளை. அப்புறமும் போகும் மேடம். தூக்கத்துல கூட இதைத்தான் சொல்லுவாரு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சே!"

பேச்சு டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷனுக்கு நேர்வழி அடைபட்டுவிட்டது. அதனால் தெரிந்த வழியில் சுற்றிக்கொண்டு போகிறார். தண்ணீர் வேண்டுமென்றால் டிப்போவில் ஏறி வாட்டர் டேங்கில் இறங்க வேண்டும். நான்கு வாரமாகத் தினமும் கிளம்பியிருக்கிறார். நான்கு வாரமாக அவளும் ரயில்வே கேட்டில் குறுக்கே விழுந்து பஸ்ஸை மறித்திருக்கிறாள்.

புதன்கிழமை காலை அவள் தன் வாய்க்குத் தானே ஒரு வைத்தியம் செய்துகொண்டாள். நோயாளிகளின் நாக்கை அழுத்திப் பார்க்க வைத்திருக்கும், ஐஸ் குச்சி போன்ற மரப்பட்டைகளில் ஒன்றை எடுத்துத் தன் பற்களுக்கு நடுவே குறுக்காகக் கடித்துக்கொண்டாள். கண்டக்டர் மனைவிக்கும் ஒன்று நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு மேடம்? எனக்குத் தொண்டை நல்லாத்தானே இருக்கு?"

பேச்சு டீச்சர் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. விரலால் வாயைக் காட்டினாள். அந்த அம்மாளும் கடித்துக்கொண்டார். கண்டக்டர் இருவரையும் பார்த்தார். நான்கு வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

டம்ளர் தண்ணீர் மேசைமேல் வைக்கப்பட்டது. உதடு அசைந்தது. டிப்போ. பால் பண்ணை. கேட்டில் கொஞ்சம் நின்றது. சிக்னல் போல. மில். பேச்சு டீச்சர் மரத்தைக் கடித்த கடியில் தாடை வலித்தது. "வாட்டர்... டேங்க்" என்றார் கண்டக்டர். டம்ளரைப் பார்த்தார். "தண்ணி."

டம்ளரை எடுத்து, யாரையும் கேட்காமல், குடித்தும் முடித்தார்.

மனைவி வாயிலிருந்த பட்டை தரையில் விழுந்தது. அவர் அழுதுகொண்டிருக்கும்போது பிசியோ தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு, "டைம் ஆச்சுண்ணே, வாங்க மாடிப்படி" என்று நுழைந்தான். இரண்டு பெண்களும் பார்த்த பார்வையில் அப்படியே பின்னால் நடந்து வெளியே போனான்.

அன்று மீதி நேரமெல்லாம் பேச்சு டீச்சர் திட்டம் போட்டாள். ஆஸ்பத்திரி பத்தாவது நிறுத்தம். நாளைக்குப் பெரிய டாக்டர் கேட்டால், கண்டக்டர் அங்கே இறங்கி "ஆஸ்பத்திரி" என்று சொல்ல வேண்டும். அதாவது இன்னும் இரண்டு வாரம் இங்கே இருக்கிறேன் என்று பொருள். கணக்கு கச்சிதமாக இருந்தது. பிசியோ தம்பியிடமும் அதைச் சொல்லி வைத்தாள்.

வியாழக்கிழமை கண்டக்டர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடந்தே வந்தார். பின்னால் மனைவி. பேச்சு டீச்சர் வாயில் மரப்பட்டையோடு வந்து உட்கார்ந்தாள்.

"அது என்ன வாயில?" என்றார் பெரிய டாக்டர்.

அவள் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'யாரும் பேசாதீர்கள். காத்திருங்கள். குறுக்கே பேசினால் முதலிலிருந்து தொடங்குவார்.'

"உங்களுக்குமா பேச்சு போயிடுச்சு?" என்று தலைமை நர்ஸ் பதறினார். அவள் தாளை அந்தப் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

பெரிய டாக்டர் கண்டக்டர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வேணும்? நீங்களே சொல்லுங்க."

கண்டக்டர் நிமிர்ந்தார். இடது கை தன்னாலேயே தலைக்கு மேல் போய், இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"டிப்போ" என்றார். பால் பண்ணை வந்தது. கேட், மில், வாட்டர் டேங்க். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு ஆள் ஏறி இறங்குகிற நேரம். பெரிய டாக்டர் பேனாவை மேசையில் தட்டத் தொடங்கினார். ஸ்கூல். கோர்ட். அதற்குமேல் பிசியோ தம்பியால் தாங்க முடியவில்லை. வியர்த்து வழிந்தது அவனுக்கு.

"ஆஸ்பத்திரிண்ணே! சொல்லிடுங்க!"

கண்டக்டர் நின்றார். நெற்றியில் ஓர் அடி. "டிப்போ" என்றார்.

தலைமை நர்ஸ் பிசியோ தம்பியின் தொடையைக் கிள்ளிய சத்தம் மேசைக்கு மேலேயே கேட்டது.

இரண்டாவது பயணம் மார்க்கெட் வரை சுகமாகப் போயிற்று. அங்கே பெரிய டாக்டரின் செல்போன் அலறியது. அவர் அதை எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டு நிமிர்ந்தால் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன?"

"டிப்போ" என்றார் கண்டக்டர்.

பெரிய டாக்டர் செல்போனை அணைத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். பேனாவையும் உள்ளே போட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு, ஜன்னலோர இருக்கை கிடைக்காத பயணிபோல உட்கார்ந்தார்.

மூன்றாவது முறை யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. ஸ்கூல், கோர்ட், மார்க்கெட். ஃபயர் ஸ்டேஷன். பேச்சு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி."

தெளிவாக, உருண்டையாக, பஸ் முழுதும் கேட்கிற குரலில் வந்தது. பிசியோ தம்பி எழுந்தே விட்டான். பேச்சு டீச்சர் மரப்பட்டையை வாயிலிருந்து எடுத்து, பார்த்தீர்களா சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"பாலம்" என்றார் கண்டக்டர்.

அவளுக்குத் திக்கென்றது. இறங்காமல் போகிறாரே! அவர் பாட்டுக்கு மரக்கடை, காலேஜ், பெட்ரோல் பங்க் என்று போய்க்கொண்டே இருந்தார். செங்கல் சூளை வந்ததும் நிறுத்தினார். மார்பில் கை வைத்தார்.

"வீடு."

பெரிய டாக்டர் மெல்ல இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். "சொல்லு வந்திடுச்சு. நல்லாவே வந்திடுச்சு. ஆனா அவருக்கு வேண்டியது வீடு. அப்ப சனிக்கிழமை..."

கண்டக்டர் தெரியாமல் சொல்லிவிட்டார், அவர் மனசில் இருப்பது வேறு என்று பேச்சு டீச்சரின் தொண்டை வரை வந்துவிட்டது. அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில்தான் இறங்குவார் என்று முடிவு செய்தது யார்? அவள்தான். நேற்று முழுக்கத் திட்டம் போட்டாளே, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரை ஒரு தடவையாவது கேட்டாளா? இது கத்தரிக்காயைவிடப் பெரிய கத்தரிக்காய்.

மரப்பட்டையை மறுபடி பற்களுக்கிடையே திணித்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பெரிய டாக்டரின் தாள்மேல் உள்ளங்கையை வைத்தாள். பதினாறு வருஷத்தில் அவர் எழுதுவதைத் தடுத்தவர் யாருமில்லை. அவர் அண்ணாந்து பார்த்தார். அவள் கண்டக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு. எட்டு. பத்தும் போய்விட்டது. பதினைந்தும் போய்விட்டது. கண்டக்டர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, இல்லாத கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றி, அப்படியே உடம்பைத் திருப்பிக்கொண்டார். பேருந்து திரும்பிவிட்டது.

"பெட்ரோல் பங்க்" என்றார். "காலேஜ். மரக்கடை. பாலம்." மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். "ஆஸ்பத்திரி."

பிறகு கையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினார். அங்கே, இங்கே. அங்கே, இங்கே.

"வீட்டுலேருந்து வந்து போறேங்கறாரு சார்!" என்று கத்தினார் தலைமை நர்ஸ். "பஸ்ஸுல! தினமுமாண்ணே?"

கண்டக்டர் தலையை ஆட்டிய ஆட்டத்தில் பொத்தான் ஒன்று தெறித்தது.

"ஒன்றே முக்கால் மணி நேரம் போகணும், அதே மாதிரி வரணும்" என்றார் பெரிய டாக்டர். "அந்தப் பக்கத்துலேருந்து யாரும் வந்ததே இல்லையே!"

அந்தக் கூட்டத்தில் கண்டக்டர் மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தார். "மத்தவங்களுக்குத்தான் சார் அது தூரம். இவரு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்த ரோடு அது. டிப்போவுல பாஸும் இருக்கு. இந்த வார்டுல படுத்திருக்கிறதுதான் இவருக்குக் கஷ்டம்."

"இதை யாருமே அவர்கிட்ட கேக்கலையா?"

பிசியோ தம்பி மின்விசிறியைப் பார்த்தான். தலைமை நர்ஸ் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சு டீச்சர் தாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, மரப்பட்டையைக் கடித்தபடி, நான்தான் என்று தன்னையே விரலால் காட்டிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் எழுதினார். சனிக்கிழமை வீடு. திங்கள், புதன், வெள்ளி பேச்சு சிகிச்சை, மூன்று மாதம். படுக்கை கொத்தனாருக்கு.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரவேண்டியவர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். மனைவி முன்னால் ஓடி வந்தார், மூச்சிரைக்க.

"மன்னிச்சுக்கோங்க மேடம். பஸ்ஸுல பெரிய கலாட்டா! புதுசா ஒருத்தன் டியூட்டி. ஸ்டாப்பு பேரே சொல்ல மாட்டேங்கறான், சீட்டுல சாஞ்சுட்டு வர்றான். காலேஜ் பிள்ளைங்க இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டு முழிக்குது. இவரு எந்திரிச்சு நின்னு, அங்கேருந்து இங்க வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பா இவரே கத்திட்டு வந்தாரு. அந்தப் பய கோவிச்சுட்டுப் பஸ்ஸையே நிறுத்திட்டான். அப்புறம் டிரைவரு இறங்கி வந்து..."

பேச்சு டீச்சர் கையை உயர்த்தினாள். அந்த அம்மாள் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் சூடு ஆறாமல் நின்றார். சட்டை கசங்கியிருந்தது, கண்ணில் பழைய அதிகாரம் ஏறியிருந்தது.

"அந்தப் புது கண்டக்டர் எப்படிண்ணே?" என்று கேட்டாள் அவள். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

ஒன்று. இரண்டு.

அவர் டிப்போவுக்குப் போகவில்லை. கேட்டையும் மில்லையும் சுற்றவில்லை. நின்ற இடத்திலிருந்தே நேராக வந்தது.

"தூங்குமூஞ்சி!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கண்டக்டரும் தன் வாயில் கை வைத்துப் பார்த்தார், இது எங்கிருந்து வந்தது என்பதுபோல. பேச்சு டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டை இழுத்து, 'உதவியின்றித் தானாக வந்த முதல் சொல்' என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்து, தேதி போட்டு, எழுத்துப் பிசகாமல் எழுதினாள். வியாழக்கிழமை கூட்டத்தில் பெரிய டாக்டர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும்.